தண்ணீரை மலையிறக்கிய கல்ஃபான்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. மீதிப் பேருக்குத் தெரியும், ஆனால் பாதி விலைக்குக் கேட்பார்கள். கல்ஃபான் பின் ஸுலைம் இந்த இரண்டிலும் சேராதவர். தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அவர் கையிலிருந்த காசுக்கு அப்படியொரு பொருளை உலகத்தில் யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

கடை இருப்பது அரபு நாட்டில், நிஸ்வாவில், பட்டறைகள் நெருக்கியடிக்கும் தெருவில். என் முழுப் பெயர் பேச்சிமுத்து. அதில் இந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழைந்தது முத்து மட்டும்தான். கல்ஃபானுக்கு அதுவும் சில நாள் நுழையாது, "டேய்" என்றே கூப்பிடுவார். கோபித்துக்கொள்ளத் தோன்றியதில்லை.

அவருடைய ஊர் ஹைல். தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர் கல்லுப்பாதையில் ஏற வேண்டும். மொத்தம் பதினோரு வீடுகள், அதைப்போல நாலு மடங்கு ஆடுகள், காய்ந்துபோன மாதுளைத் தோட்டம். பட்டாளத்தில் டிரைவராக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய வருஷம்தான் ஊருக்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால் வற்றியது. ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே பிக்கப்பின் பின்பக்கம் இருநூறு காலன் தொட்டியைக் கட்டி, கீழேயிருந்து தண்ணீர் ஏற்ற ஆரம்பித்தார். டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். ஊருக்கு அவர் செய்ததைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. ஆனாலும் ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

வண்டி விஷயத்தில் மனுஷனுக்கு மகா கர்வம். தலைப்பாகைத் துணியை அவிழ்த்துக் கண்ணாடி துடைப்பார். ஒரு மழை பாதையைப் புரட்டிப்போட்டு, பாறை தட்டித் தட்டி வண்டியின் அடிவயிறு கிழிந்தது. அதற்குப் பிறகு முன்னால் உயரமான சுருள் ஸ்பிரிங் போட்டு, பின்னால் கமான் பட்டையில் இரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்து, வண்டியை நாலு அங்குலம் தூக்கிவிட்டார். அன்றைக்கு நான் அவர் வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தேன்.

"ஆடு ஏறாத இடத்துலயும் இனி என் வண்டி ஏறும்," என்றார்.

"ஆட்டுக்கு இறங்கவும் தெரியும்," என்றார் ரய்யா, சோற்றுத்தட்டை நகர்த்தியபடி.

ரய்யா அவர் மனைவி. மாமன் மகள்தான். ஒரே மகள் மர்வாவை ஸுஹாரில் கட்டிக்கொடுத்துவிட்டு இருவரும் தனியாக இருந்தார்கள். கல்ஃபானைப்போல ஒருவரை நாள் முழுக்கக் கேலி பண்ண வேண்டுமென்றால் ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும், அந்த ஆள் ரய்யா.

வண்டி உயர்ந்தது, ஷாக் அப்சார்பர் உயரவில்லை. பழைய குட்டை ஷாக்குகளையே அடியில் இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் அடித்து எட்டவைத்திருந்தார். சக்கரம் குழியில் தொங்கும்போதெல்லாம் அது வெடுக்கென்று இழுக்கும். தனியாளாகப் போய்வந்தவரை அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. பிறகு ரய்யாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போயின.

ஞாயிறு, செவ்வாய், வியாழன். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் மலையிறங்கி, நிஸ்வாவில் நாலு மணிநேரம் இயந்திரத்தோடு படுத்து ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு, மத்தியானம் மலையேற வேண்டும். இந்த நோயில் எலும்பு சாக்பீஸ் மாதிரி ஆகிவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். டவுனிலேயே தங்கிவிடலாம் என்று ரய்யாவின் தம்பி வீட்டில் பதினைந்து நாள் இருந்து பார்த்தார்கள். அங்கே குழாய்த் தண்ணீர் துரு வாசம் அடிக்கிறது, ஆட்டுக்கு யார் தழை போடுவார்கள், இவர் இங்கே உட்கார்ந்திருந்தால் ஊர் எதைக் குடிக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி இருவரும் திரும்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் கல்ஃபான் கடைக்கு வந்தார். வெல்டிங் விட்டுப்போய் ஒரு ஷாக் கையோடு வந்துவிட்டது. அதைக் கவுண்டர்மேல் வைத்தார்.

"முத்து, புது ஷாக் வேணும். தூக்கின வண்டிக்கு எட்டணும். ஏறும்போது கெட்டியா இருக்கணும், இறங்கும்போது மெத்துன்னு இருக்கணும்."

"அது ஷாக் இல்லண்ணே, சம்பந்தி. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மாதிரி, பின்னாடி ஒரு மாதிரி."

வழக்கமாகச் சிரிப்பவர் சிரிக்கவில்லை. "இறங்கும்போது வண்டி காலி. பக்கத்துல ரய்யா. காலி வண்டி கல்லுல குதிக்குது. ஏறும்போது தொட்டி நிறையத் தண்ணி. அப்பவும் பக்கத்துல ரய்யா. ரெண்டுக்கும் தாங்குற மாதிரி ஒண்ணு குடு."

மூன்று பெட்டிகளை எடுத்துவைத்தேன். கடையில் நாங்கள் நிறத்தை வைத்துத்தான் சொல்வோம். மஞ்சள் மெத்தென்று இருக்கும், வெள்ளிக்கிழமை மணலில் விளையாடப் போகிறவர்கள் வாங்குவது. நீலம் முரடு, பாரம் ஏற்றுகிறவர்களுக்கானது. இரண்டும் சல்லிசான சரக்கு. மூன்றாவதில் பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கும். இப்படித் திருகினால் மெத்தை, அப்படித் திருகினால் கெட்டி. அவர் கேட்ட பொருள் அதுதான். ஆனால் விலை நீலத்தைப்போல ஐந்து மடங்கு. கல்ஃபான் அந்தக் குமிழை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருகிப் பார்த்தார். பிறகு எண்ணெய்க் காகிதத்தில் பழையபடி சுற்றி, பெட்டிக்குள் வைத்து, மூடியை அமுக்கிவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"மஞ்சளைப் போட்டா?"

"தொட்டித் தண்ணியோட நாலு அங்குலம் தூக்கின வண்டி, மெத்து ஷாக்ல வளைவுல ஆடும்ணே. அக்காவும் உள்ள இருக்காங்க."

அது உண்மைதான். சொல்லாமல் விட்ட இன்னொரு உண்மையும் இருந்தது. மஞ்சளைப் போட்டுக்கொண்டு அரைத் தொட்டி மட்டும் ஏற்றினால் வண்டி ஆடாது. கூடுதலாகச் சில நடை போக வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். ஆனால் அந்த நீலம் இரண்டு வருஷமாகக் கிடங்கில் கிடந்தது. அதைத் தள்ளிவிடச் சொல்லி முதலாளி தினமும் காலையில் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். நீலத்தைக் கல்ஃபான் தலையில் கட்டினேன்.

"காலி வண்டியில முரட்டுத்தனமா இருக்குமேடா?"

"மொதல்ல அப்படித்தான்ணே இருக்கும். ஓட ஓடப் பழகிரும். ஒரு ஆயிரம் கிலோமீட்டர் போகட்டும், தானா மெத்துன்னு வந்துரும்."

ஷாக் அப்சார்பர் என்ன செருப்பா, பழகிப் பழகி இளகுவதற்கு? இருக்கிறவரை இருக்கும். பிறகு எண்ணெய் கசிந்து செத்துப்போகும். நடுவில் இளகுகிற பருவம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. எனக்கு இது நன்றாகத் தெரியும். பட்டாளத்து டிரைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு நம்புவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் நலம் விசாரித்த கையோடு "என்ன சேதி?" என்று கேட்பார்கள். "சேதி ஒண்ணுமில்ல, நல்லதுதான்" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் பிணம் கிடந்தாலும் முதல் பதில் அதுதான். கெட்டது எதுவானாலும் உட்கார்ந்து காபி குடித்த பிறகுதான் வாயில் வரும். கல்ஃபான் மலையிறங்கும்போது ஒவ்வொரு மோசமான வளைவு தாண்டியதும் ரய்யாவிடம் "என்ன சேதி?" என்பார். அவரும் "நல்லதுதான்" என்பார். இருவருக்கும் இது விளையாட்டு மாதிரி. ஆனால் அந்தப் பதில் எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதை வைத்துத்தான் கல்ஃபான் வலியை அளந்துவந்தார். உடனே வந்தால் சரி. இழுத்து வந்தால் அடுத்த வளைவில் வேகத்தைக் குறைப்பார். நீலம் மாட்டிய முதல் நாள் நாலாவது வளைவில் கேட்டதற்குத் தார் ரோட்டுக்கு வந்த பிறகுதான் பதில் வந்ததாம்.

கல்ஃபான் கடைக்கு வந்து குதித்தார். "ஆணிப்பலகை வித்துட்டியேடா!"

"ஆயிரம் கிலோமீட்டர்ணே," என்றேன்.

டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். கூர்ங்கல் பக்கவாட்டில் கிழித்து ஒரு டயர் போனது. சீட்டின்மேல் மூன்று மெத்தை போட்டார். ரய்யாவின் தலை கூரையில் இடித்தது. அப்புறம் ஒரு வியாழக்கிழமை மலையேறும்போது திரும்பிப் பார்த்தால், ரய்யா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அதே வண்டி, அதே பாதை, அதே நீல ஷாக். பின்னால் தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பாரம் இருந்தால் முரட்டு ஷாக் சாதுவாகிவிடுகிறது.

அதற்குப் பிறகு கல்ஃபான் செய்த காரியத்தைக் கேட்டு இந்தத் தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். தொட்டியைக் காலி பண்ணாமல், மேலே ஏற்றிய தண்ணீரோடு மலையிறங்க ஆரம்பித்தார். சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து, தண்ணீர் கிடைக்கிற ஊருக்கு, தொட்டி நிறையத் தண்ணீரைச் சுமந்துகொண்டு வருவார். மனைவி இயந்திரத்தில் படுத்திருக்கும்போது, வெளியே நிழலில் அந்தத் தண்ணீரும் காத்திருக்கும். மத்தியானம் இருவரையும் ஏற்றிக்கொண்டு போவார். ஊருக்கு ஊற்ற வேண்டிய தண்ணீருக்கு மறுபடி தனியாக ஒரு நடை.

பக்கத்து வீட்டு ஹுமைத் சும்மா விடுவாரா?

"கல்ஃபான், உன் தண்ணிக்கு என்னய்யா சீக்கு? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலையிற?"

"உப்பு ஜாஸ்தியாம். வாரத்துக்கு மூணு தடவ வரச்சொல்லியிருக்காரு டாக்டரு."

ஏன் இப்படிச் செய்கிறார் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மூடாத மனுஷன், இதை மட்டும் சொல்லவில்லை. பொண்டாட்டிக்காகப் பதினோரு வீட்டுத் தண்ணீரைச் சுற்றிக்காட்டுகிறான் என்று ரய்யாவின் காதில் விழுந்தால் அவர் வண்டியிலேயே ஏற மாட்டார் என்று பயம். ஆனால் ரய்யாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் அலம்புவது கேட்காமலா இருக்கும்?

இரண்டு மாசம் ஓடியது. ஒரு டன் பாரத்தோடு இறங்கி இறங்கிப் பிரேக் கருகியது. ஒரு செவ்வாய்க்கிழமை பாதி மலையில் மிதித்த கால் தரை தட்டியது. பாறையோரம் வண்டியை உரசி உரசி நிறுத்திவிட்டார். சக்கரத்திலிருந்து புகை. கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். ஒன்றும் நடக்காத மாதிரி இறங்கி, சக்கரம் ஆறட்டும் என்று தொட்டித் தண்ணீரைத் தொடாமல் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் அவர் ஒருதடவை பள்ளத்தை எட்டிப் பார்த்ததை ரய்யா கவனித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் ரய்யாதான் பேச்சை எடுத்தார்.

"மர்வா அப்பா, இன்னைக்குத் தண்ணிய வீட்டுத் தொட்டியில இறக்கிட்டு வாங்க. முத்து சொன்ன ஆயிரம் கிலோமீட்டர் ஆயிருச்சுல்ல? பழகிருச்சான்னு ஒரு தடவ பார்த்துருவோம்."

காலி வண்டி இறங்கியது. முதல் மோசமான வளைவு. "என்ன சேதி?" "நல்லதுதான்." பதில் உடனே வந்தது. இரண்டாவது வளைவு, மூன்றாவது. அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து நின்றது. நாலாவதில் ரய்யா சிரிக்கக்கூடச் சிரித்தார். "முத்து கெட்டிக்காரன்தான். தொட்டில்ல ஆட்டுற மாதிரி இருக்கு."

நான் சொன்ன பொய்யை எடுத்துத்தான் ரய்யா தன் பொய்யைச் செய்தார்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்தார் கல்ஃபான், கையில் ஒரு பெரிய சட்டி அல்வா. குங்குமப்பூ போட்ட நல்ல அல்வா, கல்யாணத்துக்கு வாங்குவது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து என் மூக்கோடு மூக்கு உரசினார். எனக்கு அந்த மரியாதையை அதுவரை யாரும் செய்ததில்லை.

"பழகிருச்சுடா! நீ சொன்ன மாதிரியே பழகிருச்சு! நான் உன்னை என்னென்னமோ திட்டினேன். தின்னு."

ஒரு துண்டை வாயில் போட்டேன். "இருங்கண்ணே, ஒருதடவ பார்த்துர்றேன்," என்று வண்டிக்கு அடியில் போனேன். ஒருவேளை எண்ணெய் கசிந்து ஷாக் செத்திருக்கும், அதனால் இளகியிருக்கும். அப்படி இருக்கட்டும் என்று மனசு கெஞ்சியது. நாலும் காய்ந்த எலும்பாக இருந்தன. ஒரு துளி எண்ணெய் இல்லை. வெளியே வந்து பின்பக்கம் ஏறி நின்று முழு பலத்தோடு அமுக்கினேன். அசையவில்லை. அன்றைக்கு விற்றபோது எப்படி இருந்ததோ அதே முரடு.

எனக்குப் புரிந்துவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். ரய்யாவுக்கு நோய் வந்ததிலிருந்து அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம். அதை அணைக்க எனக்கு வாய் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. அன்றைக்கு ஏமாற்றி விற்றேன் என்று ஒப்புக்கொள்ளவும் வாய் வரவில்லை.

"நல்லா இருக்குண்ணே," என்றேன். இன்னொரு துண்டு அல்வாவும் தின்றேன்.

நாலு மாசம். வாரத்துக்கு மூன்று நாள். நான் கணக்குப் போட விரும்பவில்லை, ஆனால் கை தானாகப் போட்டுவிடும். ஐம்பது தடவைக்குக் குறையாது. ஒவ்வொரு தடவையும் அத்தனை வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் "நல்லதுதான்." கல்ஃபான் அந்த நாலு மாசமும் சந்தோஷமாக இருந்தார். வண்டிக்குப் புதுப் பிரேக் போட்டார். ஹுமைத்திடம் "தண்ணி குணமாயிருச்சு" என்றார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் கடையைச் சொல்லி அனுப்பினார், அவர்களும் வந்து நீல ஷாக் கேட்டார்கள். அவர்களுக்கு நான் விற்கவில்லை. ஸ்டாக் இல்லை என்றேன். பெரிய தர்மப்பிரபு நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தில் படுத்திருந்த ரய்யாவுக்கு இருமல் வந்தது. இருமியதும் மூச்சு நின்றுவிட்ட மாதிரி முகம் நீலம் பாரித்தது. எக்ஸ்-ரே படம் எடுத்தார்கள். விலா எலும்பில் நாலு பழைய முறிவு, தானாகக் கோணலாகக் கூடியிருந்தது. இரண்டு புது முறிவு. இடுப்பெலும்பில் கீறல். டாக்டர் சின்ன வயசுக்காரர், எகிப்துக்காரர். கல்ஃபானைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"வீட்ல யாராவது அவங்கள அடிக்கிறாங்களா?"

"ஆமா," என்றாராம் கல்ஃபான். "நான்தான். வாரத்துக்கு மூணு நாள்."

போலீசைக் கூப்பிடப் போனவர்களை ரய்யாதான் படுக்கையிலிருந்து தடுத்திருக்கிறார். விஷயம் கேட்டு நான் ஓடிப்போனபோது இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரய்யாவின் குரல் காற்றாகத்தான் வந்தது. கல்ஃபான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சொல்லல? ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? மறுபடி தண்ணிய ஏத்துவீங்க. மறுபடி பிரேக் கருகும். நீங்க பள்ளத்துல கிடந்தா என்னை யாரு கூட்டிட்டு வருவா, ஹுமைத்தா? அவன் ஓட்டுற ஓட்டுக்கு அன்னைக்கே எல்லா எலும்பும் போயிருக்கும்."

"நான் கேட்டேனே! ஒவ்வொரு வளைவுலயும் கேட்டேனே ரய்யா!"

"நானும் பதில் சொன்னேன்ல. கேட்டா நல்லதுன்னுதானே சொல்லணும்." பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருப்பேன். "வா முத்து. நீ சாப்பிட்டியா?" என்றார்.

விலா முறிந்தவர்களால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலாகி, பதினோராம் நாள் விடிகாலையில் ரய்யா போய்விட்டார்.

எனக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்குக் கடையைத் திறக்கிறேன், கல்ஃபான் நிற்கிறார். சலாம் சொன்னார். நலம் விசாரித்தார். "என்ன சேதி அண்ணே?" என்றேன், வழக்கம்போல.

"சேதி ஒண்ணுமில்ல. நல்லதுதான்," என்றார். "முத்து, மஞ்சள் ஒரு செட் எடு. பட்டறைக்காரன எழுப்பு. பின்னாடி கூடுதலாப் போட்ட ரெண்டு பட்டையையும் உருவச் சொல்லு. மத்தியான லுஹர் தொழுகைக்குள்ள நான் அவளை மேல கொண்டுபோகணும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அண்ணே, அக்காவுக்கு இனி என்ன, என்று வாய்வரை வந்தது. அவரே சொன்னார். "அவளுக்கு இனிமே வலிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரியும்டா. நீ போடு."

பட்டறைக்காரனும் நானும் சேர்ந்து கழற்றினோம். நீல ஷாக்குகளை நானே தூக்கிக் குப்பையில் வீசினேன். தொட்டியை இறக்கிவைத்தோம். ஆஸ்பத்திரியில் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். உடலை வைத்த ஜனாஸாக் கட்டிலை வண்டியின் பின்பக்கம் ஏற்றி, மேலேயிருந்து வந்திருந்த ஹுமைத் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்து பிடித்துக்கொண்டோம். முன்னால் கல்ஃபான் தனியாக ஓட்டினார்.

தார் ரோடு முடிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலை இறுகப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. முன்சக்கரம் குழியில் இறங்கியது, எழுந்தது, வண்டி ஒருமுறை மூச்சு விட்டு அடங்கியது. அடுத்த கல், அதற்கடுத்த கல். அதே பாதைதான். இத்தனை வருஷம் பல் ஆட ஆட ஏறிய அதே பாதை. கட்டில் என் கைக்குள் அசையாமல் இருந்தது. வெள்ளைத் துணியின் மடிப்புகூடக் கலையவில்லை. ஹுமைத் என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாதி மலையில் கல்ஃபான் வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. திறந்திருந்த பின் ஜன்னல் வழியாக அவர் குரல் மட்டும் வந்தது.

"இவ்வளவு மெத்துன்னு இருந்திருக்கலாம்."

ஹுமைத் வாய்விட்டு அழுதார். கல்ஃபான் கியரைப் போட்டு மறுபடி ஏறினார்.

ஸுஹாரிலிருந்து மர்வா வந்து சேர்ந்ததும் தொழுதார்கள். காய்ந்த மாதுளைத் தோட்டத்துக்கு மேலே, மண் கொஞ்சம் ஆழமாக இருக்கிற இடத்தில் அடக்கினார்கள். நான் தள்ளி நின்றேன். எல்லாம் முடிந்து ஆண்கள் பந்தல் பக்கம் போனபின், கல்ஃபான் வண்டியின் பின்சக்கரத்தில் முதுகு சாய்த்து மண்ணில் உட்கார்ந்திருந்தார். போகிறேன் என்று சொல்லிக்கொள்ளப் போனேன். பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அரைத் தொட்டி ஏத்திக்கிட்டு மஞ்சளைப் போட்டிருந்தா போதும்ல?" என்றார். அன்று வரும் வழியில் கண்டுபிடித்திருக்கிறார்.

"போதும்ணே."

தலையாட்டினார்.

"அன்னைக்கு அல்வாவோட வந்தேன். நீ வண்டிக்கு அடியில போய்ப் பார்த்தே. மேல ஏறி அமுக்கினே. அவ பொய் சொல்றான்னு உனக்கு அன்னைக்கே தெரியுமாடா?"

இருபத்திரண்டு வருஷம். செத்த பேட்டரியைப் புதுசு என்றிருக்கிறேன். நாள்பட்ட டயரைப் போன மாசம் வந்தது என்றிருக்கிறேன். வாயைத் திறந்தால் பொய் தானாக வரும் தொழில். அன்று அந்த மண்ணில் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. உண்மைதான் வந்து தொலைத்தது.

"தெரியும்ணே."

அவர் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். என் பக்கம் திரும்பினார்.

"எலும்பு ஒடிய ஒடிய எனக்காக நாலு மாசம் பொய் சொன்னா அவ. உனக்கு இப்ப எனக்காக ஒரே ஒரு பொய் சொல்ல வாய் வரலியாடா, முத்து?"

கையை ஊன்றி எழுந்தார். அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் காபி போதுமா என்று மர்வாவிடம் கேட்டுக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தார்.